ஏரி கேட்கும் கணக்கு

(பெரம்பலூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை, வந்து கேட்க வாய்ப்பில்லாத வாசகத் தோழர்கட்காக எழுத்து வடிவில்.)



நாடகம் எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. முதற்காட்சி எது என்று முடிவு கட்டுவதற்குள் மூன்று இரவுகள் போய்விடும். "கங்கைகொண்ட சோழபுரத்தை வைத்து ஒரு நாடகம் எழுது" என்று நண்பர்கள் நச்சரித்தார்கள். உட்கார்ந்தேன். திரை விலகுகிறது. முரசு முழங்குகிறது. வடபுலத்து வேந்தர்கள் கங்கை நீர்க் குடங்களைத் தலையிலே சுமந்து, தள்ளாடித் தள்ளாடி வருகிறார்கள். அரியணையிலே இராசேந்திரன்! புலவர் பாடுகிறார், கொட்டகை அதிர்கிறது. நல்ல காட்சிதான், நாலு ஊரில் போட்டால் நாற்பது ஊரில் கேட்பார்கள்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு கேள்வி குடைந்தது. வந்த கங்கை எத்தனை குடம்? நூறா? ஆயிரமா? பதினாயிரம் குடம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்! 16 மைல் நீளக் கரை கொண்ட ஏரிக்கு அது எந்த மூலைக்குக் காணும்? சோழகங்கம் எனும் அந்தப் பேரேரியை நிரப்பியது கங்கையன்று, தோழரே, கொள்ளிடம்! கங்கைக் குடத்தைப் பாட திருவாலங்காட்டுச் செப்பேடு இருக்கிறது. ஏரியையே நீராலான வெற்றித்தூண் என்று அது புகழ்கிறது. பள்ளத்திலே ஓடும் கொள்ளிடத்தை மேட்டு நிலத்துக்கு ஏற்றி வந்தானே ஒரு மனிதன், அவன் பெயரைச் சொல்ல எந்த ஏடு இருக்கிறது?

நாடகத்தை மூடி வைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்கு வண்டி ஏறினேன்.

அரியலூரில் இறங்கி, உடையார்பாளையம் வழியாக ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து சிதம்பரம் சாலையிலே சற்றுத் தொலைவு. முந்திரித் தோப்பும் செம்மண் மேடுமாய் நிலம் விரிகிறது. திடீரென்று அதன் நடுவே 180 அடி உயரத்துக்கு ஒரு கல் விமானம்! பக்கத்திலே மலை இல்லை, மாநகர் இல்லை. சிறு ஊர், சில கடைகள், ஒரு பேருந்து நிறுத்தம். இத்தனை பெரிய கோயில் இங்கே எதற்கு என்று புதிதாக வருகிறவர் திகைப்பார். 2004ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்ற கோயில். வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், கழுத்து வலிக்கும் மட்டும் பார்த்தேன். பிறகு குனிந்து தரையைப் பார்த்தேன். நகரம் தரையிலேதான் இருந்தது.

ஊர்ப்பெயர்களைக் கேளுங்கள். உட்கோட்டை! மாளிகைமேடு! ஆயுதக்களம்! மெய்க்காவல்புத்தூர்! சுண்ணாம்புக்குழி! இன்று அவை உழவர் வாழும் சிற்றூர்கள். அரண்மனை இருந்த மேடு, படைக்கலம் இருந்த களம், மெய்க்காவலர் குடியிருப்பு, சுண்ணாம்பு சுட்ட குழி என, கலைந்துபோன மாநகரொன்றின் வரைபடத்தை அந்தப் பெயர்கள் இன்னும் சுமந்து நிற்கின்றன. கல்வெட்டுகளும் கை கொடுக்கின்றன: சோழகேரளன் திருமாளிகை என்றொரு அரண்மனை, இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி என்று பெருஞ்சாலைகள், வேம்புகுடி வாசல் என்றொரு நுழைவாயில், பிற்காலத்திலே குலோத்துங்க சோழன் திருமதில். பெருவழி என்றும் வாசல் என்றும் மதில் என்றும் தனித்தனியே பெயர் பெற்ற ஊர், தானாக முளைத்துத் தாறுமாறாகப் பரவிய ஊராக இருக்குமா? திட்டமிட்டு எழுப்பிய தலைநகர் அது. 1014இல் தந்தையின் இடத்துக்கு வந்த இராசேந்திரன், 1023 அளவில் வடக்கே படை அனுப்பி, 1025 அளவில் தஞ்சையை விட்டு இங்கே தலைநகரை மாற்றினான். அன்று முதல் 1279 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், சோழ நாட்டின் தலைநகர் இந்தச் செம்மண் மேடு!

மாளிகைமேட்டிலே மாநிலத் தொல்லியல் துறை 1980 முதற்கொண்டு பல பருவங்கள் அகழ்ந்தது. 2021இல் மீண்டும் தொடங்கிற்று. ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் சுட்ட செங்கற் சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கற் பீடங்கள், கூரை ஓடுகள், அந்த ஓடுகளையும் மரங்களையும் பிணைத்த இரும்பு ஆணிகள், சீன நாட்டுப் பீங்கான் சில்லுகள் எல்லாம் வெளிப்பட்டன. சீனப் பீங்கானைக் காட்டிப் பெருமை பேசுவோர் பலர், பேசட்டும். எனக்கு அந்த இரும்பு ஆணிதான் பெரிதாகப் பட்டது. எத்தனை ஆயிரம் ஆணி அடித்திருப்பார்கள்! எத்தனை உலை எரிந்திருக்கும்! செங்கல் சுட எத்தனை காடு விறகாகியிருக்கும்! ஓடு ஒருபக்கம், ஆணி ஒருபக்கம், சுண்ணாம்பு ஒருபக்கம் என்று வந்து சேரவேண்டியவை நாள் தவறி வந்தால், கொத்தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டுமே! வாளெடுத்து வெல்வது ஒரு கலை என்றால், வண்டிகளை வரிசையில் வரச்செய்வது வேறொரு கலை. முன்னதைப் பாடப் புலவர் பலர். பின்னதைப் பாட ஒருவரும் இல்லை.

இனி ஏரிக்கு வருகிறேன். தோழரே, சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, நடுவே மேடு. காவிரிப் படுகையிலே காலால் கீறினால் நீர் வரும் என்பார்கள். இந்த மேடு அப்படிப்பட்டதன்று. வானம் பார்த்த பூமி. அரண்மனையும் படையும் வணிகரும் கைவினைஞரும் வந்து குடியேறப்போகும் இடத்துக்கு முதலில் வேண்டியது தண்ணீர். ஆறு பள்ளத்தில் இருக்கிறது, நகர் மேட்டில் இருக்கிறது. பொறியில்லை, மின்சாரமில்லை. என்ன செய்வது?

அவர்கள் செய்ததைச் சொல்கிறேன். ஆற்றின் வழியே மேற்கு நோக்கி நடந்தார்கள். ஆறு சரிவிலே இறங்கி வருகிறது அல்லவா? மேலே போகப்போக ஆற்றின் மட்டமும் உயர்ந்துகொண்டே போகும். நகரின் மேட்டைவிட ஆறு உயரமாக இருக்கும் இடம் வரை போய், அங்கே கால்வாய் வெட்டினார்கள். ஆறு எத்தனை விரைவாகச் சரிகிறதோ, அதைவிட மெதுவாகச் சரியும்படி அந்தக் கால்வாயை இழுத்து வந்தார்கள். ஆறு தன் பாட்டுக்குப் பள்ளத்துக்கு இறங்கிவிட்டது. கால்வாயோ உயரத்தை விட்டுக்கொடுக்காமல் மேட்டோரமாகவே வந்து ஏரியிலே விழுந்தது. அப்படி வந்த கொள்ளிடக் கால்வாயின் நீளம் 60 மைலுக்கு மேல் என்று 1855இல் வெளியான ஒரு குறிப்பு பதிவு செய்திருக்கிறது. வடகோடியிலே வெள்ளாற்றிலிருந்து மற்றொரு சிறிய கால்வாய். கரை தெற்கு வடக்காக 16 மைல். அதிலே உறுதியான மதகுகள் பல. இந்தியாவின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்றாக அது இருந்திருக்கவேண்டும் என்று அந்தக் குறிப்பு வியக்கிறது. அது எழுதப்பட்ட நாளிலேயே ஏரிக்குள் அடர்ந்த காடு.

60 மைலுக்கு மட்டம் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எண்ணிப் பாருங்கள். ஓரிடத்தில் ஒரு முழம் பிசகினால் தண்ணீர் தேங்கும்; வேறோரிடத்தில் ஒரு முழம் அதிகம் சரிந்தால் கரையை அரித்துக்கொண்டு ஓடும். நான் கல்லூரியைப் பாதியிலே விட்டவன், பொறியியல் படித்தவனல்லன். ஆயினும் அந்த மேட்டிலே நின்றபோது, மட்டப்பலகையும் கயிறுமாய்க் குனிந்து நிமிர்ந்து, ஊர் ஊராய்க் கால்வாய்க்குக் கோடு கிழித்துக்கொண்டு வந்த ஒருவனை என் கண் கண்டது. அவனுக்குப் பின்னே மண்வெட்டியும் கூடையுமாய் எத்தனை ஆயிரம் பேர்!

அந்த ஆயிரவரைப் பற்றியும் ஒரு சொல். சோழப் பேரரசு பொற்காலம், பொற்காலம் என்று மேடையில் முழங்குகிறோம். முழங்கும் நானே இதையும் சொல்லவேண்டும். சோழர் கல்வெட்டுகளிலே 'வெட்டி' என்றொரு சொல் வருகிறது. கூலியில்லாமல் குடிமக்கள் செய்தாகவேண்டிய கட்டாய உழைப்பு அது. நீர்நிலை வேலைக்கென்றே 'செந்நீர் வெட்டி' என்றும் வரும். 16 மைல் கரையிலே கொட்டிய ஒவ்வொரு கூடையும் விருப்பத்தோடு கொட்டிய கூடை என்று நான் சொல்லமாட்டேன். 'வெட்டி வேலை' என்று இன்று நாம் வாய்தவறிச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளே ஆயிரமாண்டு வியர்வை இருக்கிறது, தோழரே!

ஏரி வெட்டுவது ஒருமுறை. காப்பது ஒவ்வோர் ஆண்டும். அன்று அதற்கென ஏற்பாடு இருந்தது. ஏரிக்கென்று வரி, ஏரியைப் பேணவென்றே ஒதுக்கிய ஏரிப்பட்டி நிலம், தூர் வார ஓடங்கள் வைத்து, ஓடக்காரர்க்கு நெல் அளந்த செய்திகள் கல்வெட்டிலேயே உண்டு. உத்திரமேரூரிலே, இராசேந்திரனுக்கு நூறாண்டு முன், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலை இட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறது. அதிலே ஒரு விதி, கேட்டால் சிரிப்பீர்கள், பிறகு பெருமூச்சு விடுவீர்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி போட்டியிட முடியாது; அவன் மட்டுமா, அவன் நெருங்கிய உறவினரும் முடியாது! இன்று இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை தொகுதி காலியாகும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணவும் அஞ்சுகிறேன். உத்திரமேரூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம், அங்கே உழுதவனுக்கு ஓலையில் இடமில்லை என்பதும் உண்மை. அதை மறைத்துவிட்டு ஜனநாயகப் பெருமை பேசுவது எனக்கு உடன்பாடன்று. ஆனால், ஏரிக்கு ஒரு வாரியம், வாரியத்துக்கு ஒரு கணக்கு என்ற நெறி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்?

கடல் கடந்தும் ஒரு பார்வை பார்ப்போம். இராசேந்திரன் ஏரி வெட்டிய அதே காலத்திலே கம்போச நாட்டில் ஆண்டவன் முதலாம் சூரியவர்மன். சோழனுக்குத் தேர் அனுப்பி நட்புக் கொண்டவன் என்று கரந்தைச் செப்பேடு கூறுகிறதே, அந்தக் கம்போச மன்னன் இவன் என்பர். அவன் தலைநகர் அங்கோர். அங்கேயும் 11ஆம் நூற்றாண்டிலே மேற்கு பாராய் என்ற செவ்வகப் பேரேரி எழுந்தது. நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மன்னர், இரண்டு நகரம், இரண்டு ஏரி! அங்கோரும் வீழ்ந்தது, வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்து கால்வாய்களைச் சிதைத்தது அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்று அண்மைக்கால ஆய்வாளர் காட்டுகின்றனர். ஆனால் மேற்கு பாராயில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. நம் சோழகங்கத்திலே? பொன்னேரி என்ற பெயரில் ஒரு மிச்சம் நிற்கிறது. மற்றதெல்லாம் வயலும் வேலிக்கருவையும்.

எப்படிப் போயிற்று? 1279க்குப் பின் மூன்றாம் இராசேந்திரன் பெயரைச் சொல்லும் கல்வெட்டில்லை. பாண்டியர் கை ஓங்கியது. படையெடுத்து வந்தவர் வேண்டுமென்றே கரையை உடைத்தனர் என்பது அந்த வட்டாரத்தார் வழிவழியாகச் சொன்ன கதை. பகைவனே உடைத்தான் என்றாலும், உடைந்த கரையை அடைக்க ஓர் ஆட்சி இருந்திருந்தால் ஏரி பிழைத்திருக்குமே! தலைநகர் என்ற பட்டம் போனது; கருவூலம் போனது; கால்வாய்க்குக் காவல் போனது; வண்டல் வந்தது. மாளிகைச் செங்கற்களைத் தோண்டியெடுத்து ஊரார் பல காலம் வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. மன்னன் செங்கல் மண்ணுக்குள் கிடந்து என்ன பயன்? ஏழையின் சுவருக்காவது ஆகட்டுமே!

என் கோபம் வேறொரு கல்லைப் பற்றியது.

1836ஆம் ஆண்டு. கும்பெனி ஆட்சி. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டனின் திட்டப்படி மேலே முக்கொம்பிலும் கீழே அணைக்கரையிலும் அணைகள் எழுந்தன. கீழணைக்குக் கல் வேண்டும். பக்கத்திலே மலை இல்லை; கோயில் இருக்கிறது! கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். ஏழை மக்கள் ஓடிவந்து தடுத்தார்கள். 'எங்கள் முன்னோர் கட்டியது, எடுக்க உங்களுக்கு என்ன உரிமை?' என்று கேட்டிருப்பார்கள். கிடைத்த மறுமொழி என்ன தெரியுமா? அவமதிப்பு என்று தண்டனை! கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல்மதில் கட்டித் தருகிறோம் என்று ஒரு வாக்குறுதியும் தந்தார்கள். அந்த வாக்கு நிறைவேறவில்லை என்று, நான் முன்னே சொன்ன 1855ஆம் ஆண்டுக் குறிப்பே வருத்தத்தோடு எழுதியிருக்கிறது.

கோயில் கல் போயிற்றே என்று நான் பக்தியால் பதறவில்லை, தோழரே. என்னை அறிந்தவர்க்கு அது தெரியும். அணை கட்டியதும் தவறன்று. அதனால் வயல் விளைந்தது. ஆனால் தடுத்தவன் குரலுக்குத் தண்டனை, கொடுத்த வாக்குக்கு மறதி என்ற முறை இருக்கிறதே, அது கும்பெனியோடு கப்பலேறிப் போய்விட்டதா?

இப்போது அந்தக் கல்லைத் தொடர்ந்து வாருங்கள். கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியே எங்கே போகிறது? வீராணத்துக்கு! பராந்தகன் காலத்து வீரநாராயணப் பேரேரி அது. வீராணத்திலிருந்து 2004 முதல் குழாய் வழியே ஏறத்தாழ 235 கிலோமீட்டர் கடந்து தண்ணீர் எங்கே போகிறது? சென்னைக்கு! (முதலிலே இதே வீராணத்துக்கென்று வாங்கிய இராட்சதக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்து, வீடற்ற குடும்பங்கள் அவற்றுக்குள் அடுப்பு மூட்டிய கதை மூத்த தோழர்கட்கு நினைவிருக்கும். எந்தக் கட்சிக்கு எந்தப் பங்கு என்று இங்கே பிரிக்கப் போவதில்லை; நம் பங்கும் உண்டு.) ஆக, தலைநகராம் சென்னையிலே மாடி வீட்டில் குழாயைத் திருகி ஒருவர் குவளையில் பிடிக்கும் வீராணத்துத் தண்ணீர், பழைய தலைநகர் ஒன்றின் மதிற்கல் தேக்கித் தந்த தண்ணீர். ஒரு தலைநகரின் எலும்பை எடுத்து மற்றொரு தலைநகரின் தாகம் தீர்க்கிறோம். தீரட்டும்! ஆனால் எலும்பைக் கொடுத்த ஊரிலே, கோடையில் காலிக்குடம் வரிசையில் நிற்கிறதா இல்லையா என்று சென்னையில் உள்ளவர் ஒருநாள் வந்து பார்க்கவேண்டாமா?

இந்த வட்டாரத்தின் கதையே கொடுக்கும் கதைதான். அரியலூர் மண்ணுக்கடியிலே சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம் என்பதற்குச் சான்றாகக் கிளிஞ்சலும் புதைபடிவமும் இன்றும் கிடைக்கின்றன. ஆயிரமாண்டுக்கு முன் சுண்ணாம்புக்குழி என்று ஓர் ஊருக்குப் பெயர் வந்தது. இன்று ஊர் ஊருக்கு அத்தகைய குழிகள், அவற்றைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். எத்தனையோ நகரத்து மேம்பாலமும் மாடியும் இந்தக் குழிகளிலிருந்து எழுந்தவை. லாரி போகும், புழுதி தங்கும். குழி ஆழமாகும்; பக்கத்துக் கிணறு வற்றும் என்கிறார் உழவர்.

நீருக்கு வழி விடாமல் பாதை போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அரியலூரே பாடம். 1956 நவம்பர் 23. அடைமழை. மருதையாற்று வெள்ளம் இரயில் பாலத்தின் அடியை அரித்தது. விடியுமுன் வந்த தூத்துக்குடி வண்டி ஆற்றிலே விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதைப் பற்றி நம் மேடைகளிலே பேசாத பேச்சில்லை; மீண்டும் விரிக்கவில்லை. ஆறு தன் பழைய வழியை மறப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

புதிய நகரம் கட்டும் ஆசை நம் காலத்துக்கும் குறையவில்லை. 1947இல் லாகூரை இழந்த பஞ்சாப் மாநிலம் சண்டிகரைக் கட்டியது. அங்கேயும் 1958இல் ஓடையொன்றை மறித்துச் சுக்னா ஏரி அமைத்தார்கள். சில பத்தாண்டுகளில் வண்டல் பாதிக்கு மேல் அடைத்துவிட்டது. பிறகு சிவாலிக் மலைச்சரிவிலே மரம் நட்டும், தடுப்பணை கட்டியும், கூடைகூடையாய் வண்டலை அள்ளியும் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பக்கத்திலே ஆந்திரத்து அமராவதி: 2015இல் உழவர்கள் 33,000 ஏக்கர் அளவுக்கு நிலத்தை ஒப்படைத்தார்கள். 2019இல் ஆட்சி மாறியது, தலைநகர்த் திட்டம் நின்றது. நிலம் கொடுத்தவர் ஐந்தாண்டு தெருவில் நின்று போராடினர். 2024இல் மீண்டும் ஆட்சி மாறிய பின்பே வேலை தொடங்கிற்று. நகரம் என்பது வரைபடத்தாள் அன்று. ஆட்சி மாறினாலும் மாறாத பொறுப்பு வேண்டும்.

நம் ஊருக்கே வருவோமே! ஜெயங்கொண்டம் சுற்று வட்டாரத்திலே பழுப்பு நிலக்கரி மின்நிலையம் என்று சொல்லி 1990களிலே ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்தினார்கள். மின்நிலையம் வந்ததா? வரவில்லை. இழப்பீடு போதாதென்று வழக்குமன்றப் படியேறி ஏறியே ஒரு தலைமுறை கிழமாயிற்று. கால் நூற்றாண்டு கழித்து, நிலத்தை உழவர்க்கே திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தது. பெரம்பலூர் பக்கம் திருமாந்துறையிலே சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஏறத்தாழ 3,000 ஏக்கர் போயிற்று. பல ஆண்டுகள் அங்கே முளைத்தது முள்தான். இதைச் சொல்வதால் நான் தொழிலுக்குப் பகைவன் அல்லன். இங்குள்ள பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறுவது நிற்கவேண்டுமானால் இங்கே ஆலை வேண்டும். வரட்டும்! ஆனால் நிலத்தை எடுக்கும் நாளிலேயே, இன்ன ஆண்டுக்குள் இன்னது எழும், எழாவிட்டால் நிலம் தானே திரும்பும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எடுக்கட்டும். கும்பெனிக்காரன் செங்கல்மதில் கட்டித் தருவதாகச் சொன்னானே, அப்படியொரு வாக்கு இனி இந்த மண்ணுக்கு வேண்டாம்.

2025 ஜூலையிலே, இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை விழா பெரும் ஆரவாரத்தோடு நடந்தது. பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார். சோழகங்கத்தைத் தூர்வாரிச் சீரமைப்போம் என்று மாநில அரசும் அதே மாதம் அறிவித்தது. நாணயத்தை யார் வெளியிட்டால் என்ன, அறிவிப்பைத்தான் நான் பற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கேள்விகள் என்னிடம் இருக்கின்றன. தூர்வாரிய ஏரிக்கு நீர் எந்த வழியே வரும்? வரத்துக்காலைத் திறக்காமல் ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால், அது படகு விடும் குட்டையாகும். பாசனம் செய்யும் ஏரியாகாது. ஏரிப்படுகையிலும் கால்வாய்த் தடத்திலும் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டிருப்பவர்க்கு மாற்றிடம் எங்கே? 'ஆக்கிரமிப்பாளர்' என்று ஒரே சொல்லால் அவர்களைத் துடைத்துவிட எந்த அதிகாரிக்கும் மனம் வரக்கூடாது. வெட்டி உழைத்துக் கரை போட்டவரின் பேரப்பிள்ளைகள் அவர்களாகவும் இருக்கலாம்; யார் கண்டது!

இவற்றுக்கு மேல் ஒரு விண்ணப்பமும் உண்டு. ஏரிக்கு ஒரு வாரியம் வையுங்கள். அதிலே கடைமடை உழவனும், குடம் தூக்கும் தாயும், அந்தக் குடிசையிலிருந்து ஒருவரும் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை கணக்கைக் கரையிலே நின்று உரக்கப் படிக்கட்டும். எத்தனை கூடை மண் எடுத்தோம், எத்தனை கூடைக்குப் பணம் கொடுத்தோம் என்று படிக்கட்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் நான் முதல் மாலை போடுகிறேன். ஒத்துப்போகாவிட்டால் முதல் கேள்வியை நானே கேட்பேன், கேட்பது நம் ஆளிடமே ஆனாலும் சரி.

நாடகத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். முதற்காட்சி மாறிவிட்டது. முரசில்லை, அரியணையில்லை. விடியற்காலை, செம்மண் மேடு, ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், மற்றொருவன் மட்டம் பார்த்து, "இன்னும் ஒரு சாண் இறக்கு" என்கிறான். அவ்வளவுதான் உரையாடல். கொட்டகைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்: "கைதட்டல் எங்கே வரும், ஐயா?" வராமலே போகட்டும் என்றேன். அவர் இன்னும் முன்பணம் தரவில்லை.

அடுத்த ஆடித் திருவாதிரைக்கு நீங்கள் கோயிலுக்கு வந்தால், விமானத்தைப் பார்த்துவிட்டுப் பொன்னேரிக் கரைக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன். கரைமேல் மதகு வரை சேர்ந்து நடப்போம். செருப்புக் கனமானதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். வழியெல்லாம் வேலிக்கருவை முள்.